சொந்த வீட்டுப் படம்

“கதவச் சாத்தாதீங்கம்மா,” என்றாள் பவளராணி, இரண்டாவது தடவையாக.

“மழை அடிக்குது அக்கா. கமரா நனைஞ்சுபோம்,” என்று சொல்லிக்கொண்டே ஆரணி கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

நியாய வணிக நிறுவனமொன்றில் பயிற்சிக்காகக் கனடாவிலிருந்து வந்தவள் அவள். கூடை முடையும் பெண்களை அவர்களுடைய வீட்டிலேயே படம்பிடித்தால்தான் வெளிநாட்டில் கூடை விற்கும் என்று சொல்லியனுப்பியதும் அவள்தான். அதற்காகவே மடுல்சீமையில் இந்தத் தேயிலைத் தோட்ட லயம்வரை ஏறி வந்திருந்தாள்.

பவளராணியின் முகத்தில் சிரிப்பே இல்லை. மூங்கிலைப் பின்னிக்கொண்டே அடிக்கடி கூரையைப் பார்த்தாள். வந்தவளுக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. பக்கத்து வீடுகளில் பேச்சுமூச்சில்லை. எல்லோரும் கொழுந்தெடுக்கப் போயிருப்பார்கள் என்று ஆரணி நினைத்துக்கொண்டாள்.

“என்னில கோவமோ அக்கா?”

“கோவமெல்லாம் இல்லம்மா. வெரசா எடுங்க, போயிருவோம்.”

“எங்க போறது? இது உங்கட வீடுதானே?”

“வீடுதான். மல சரியப் போகுதுன்னு போன மாசமே எங்க எல்லாரையும் எறக்கி ஸ்கூல்ல வச்சிருக்காங்க. வீட்ல வச்சாத்தான் படம் எடுப்பீங்கன்னு சொன்னாங்க. வேற வீட்டுக்கு நான் எங்கம்மா போவேன்?”

ஆரணி கமராவைப் பையில் திணித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவை இழுத்தாள்.

வரும்போது விரலால் தள்ளியதுமே திறந்த கதவு, இப்போது அசையவில்லை. நிலைச்சட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்து அதைக் கவ்விப் பிடித்திருந்தது.