கோணல் ரோஜா

தலையணை உறையை அலசி, இஸ்திரி போட்டு, ஃபிரேம் மாட்டத் தோதாக ஓரம் மடித்துத் தரச் சொல்லியிருந்தார் தைரியராஜ். அவர் மனைவி கையால் போட்ட எம்பிராய்டரி.

வாங்க வந்தவர் முன்னால் அதைப் பெருமையோடு விரித்தாள் கலைமதி. உறையூரில் அவள் கைவேலைக்குத் தனி மவுசு.

"சாயம் இறங்காம பச்சைத் தண்ணியில அலசி, கவுத்துப் போட்டுத் தேய்ச்சிருக்கேன் சார். ரோஜா எப்படி எழும்பி நிக்குது பாருங்க!"

அவர் விரல் பூக்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய்க் கடைசிப் பூவில் நின்றது.

"இது கொஞ்சம் கோணலா இருக்குமேம்மா?"

"கொஞ்சமா? தையல் கன்னாபின்னான்னு ஓடியிருந்துச்சு. பிரிச்சுட்டு நானே புதுசாப் போட்டுட்டேன். அதுக்குத் தனியாக் காசு வேணாம்." கலைமதி சிரித்தாள். "மத்த பூவெல்லாம் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி போட்டிருக்காங்க. கடைசியில மட்டும் அப்படி என்ன சார் அவசரம்?"

"அவசரந்தாம்மா. அத மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து போட்டா. கையில ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டிருந்துச்சு. முடிச்சுட்டுத்தான் கண்ண மூடுனா."

கலைமதி தான் போட்ட ரோஜாமேலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் மேஜைக்கடியில் இருந்த குப்பைக் கூடையைப் பார்த்தார். "பிரிச்ச நூல் இதுல கெடக்குமாம்மா?"

அவள் கூடையைத் தரையில் கவிழ்த்தாள். யார் யார் துணியிலோ வெட்டிய நூல்களெல்லாம் கலந்து கிடந்தன. எது தன் மனைவி போட்டது என்று தெரியாமல், தைரியராஜ் மண்டியிட்டுச் சிவப்பையெல்லாம் பொறுக்க ஆரம்பித்தார்.