நீதிபதி கேட்ட வாக்குமூலம்

ஆரணி பஜாரில் தேவராஜின் பட்டுக்கடை காலைக் கூட்டத்தால் நிறைந்திருக்கிறது. விரித்துப் போட்ட அரக்குப் புடவையின் ஜரிகையில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. உள்ளே வருகிறவரைப் பார்த்ததும் தேவராஜ் எழுந்து கும்பிடுகிறார். வந்தவர் ராஜவேலு, வருமான வரித் தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். "வாங்கய்யா, என் கேஸ்ல நியாயமா தீர்ப்பு எழுதினவராச்சே நீங்க!" "சட்டம் உங்க பக்கம் இருந்துச்சு, எழுதினேன். நான் பொன்னியம்மா புள்ள." கும்பிட்ட கைகள் மெல்ல இறங்குகின்றன. ஐம்பது வருடங்களுக்கு முன், பட்டு நூலைத் திருடிவிட்டாள் என்று அந்தக் கூலிக்காரியின் மடியை நடுத்தெருவில் உதறவைத்தவர் தேவராஜ்தான். "நூலு மறுநாளே உங்க வூட்லயே கெடச்சுது. யாருக்கும் சொல்லல நீங்க. திருடின்ற பேரோடதான் எங்கம்மா செத்தாங்க. அவங்க திருடலன்னு இப்ப சொல்லுங்க." "எந்தப் பொடவ வேணும்னாலும் எடுத்துக்கினு போங்கய்யா..." "சொல்லுங்க." தேவராஜ் தலைகுனிந்து முணுமுணுக்கிறார். "கேக்கல," என்கிறார் ராஜவேலு. புடவை மடிக்கும் பெண்களின் கைகள் நிற்கின்றன. வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "பொன்னியம்மா திருடல," என்கிறார் தேவராஜ், குரல் உடைய. ராஜவேலுவின் முகம் துளியும் இளகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். "இன்னொரு தரம்."