ஏழரை மணி பஸ்

எங்கள் காலனிக்கு வந்துகொண்டிருந்த ஏழரை மணி பஸ்ஸை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. நடந்து டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் சித்தாள் வேலைக்கு ஆள் எடுத்துவிடுகிறார்கள். எங்கள் காலனி நிறுத்தத்தில் நிழற்குடை திறக்கப் போக்குவரத்து அமைச்சரே வந்தார். திறந்துவிட்டுக் காரில் ஏறப்போனவர் என் மனுவுக்குக் கை நீட்டினார். “குடும்மா, படிச்சுப் பாக்கறேன்.” “மூணு மனு குடுத்தாச்சுங்கய்யா. இதை நானே படிக்கிறேன், நீங்க கேளுங்க” என்றேன். எழுத்துக் கற்று ஒரு வருடம்தான். விரல் வைத்துக் கூட்டித்தான் படிப்பேன். “சுருக்கா படி பவளக்கா, அமைச்சருக்குக் கால் வலிக்கப் போவுது” என்று பின்னால் நின்ற தேன்மொழி கிண்டலடித்தாள். நான் அவசரப்படவில்லை, ஓர் எழுத்தையும் விடவில்லை. முதல் பக்கம் முடிந்தபோது அமைச்சர் டிரைவரிடம் சைகை காட்டினார். என்ஜின் நின்றது. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.