முப்பது எண்ணும் வரை

அரண்மனைக்கு எதிரே முக்காலியில் கேமராவை நிறுத்தியிருக்கிறார் போட்டோக்காரர். ராஜாவிடம் மனுக் கொடுக்க வந்த கூட்டம் வாசல் வெயிலில் அங்குமிங்கும் அலைகிறது. "அரண்மனைப் படத்துல இதுங்க விழக்கூடாது, அடிச்சு விரட்டச் சொல்றேன்" என்கிறார் பிரம்போடு நிற்கும் அதிகாரி. "வேண்டாங்க. நான் முப்பது எண்ணி முடிக்கிறவரைக்கும் அசையாம இருக்கிறதுதான் படத்துல விழும். நடமாடுறவங்க தடமே தெரியாது." அது கூட்டத்தின் காதிலும் விழுகிறது. போட்டோக்காரர் லென்ஸ் மூடியைக் கழற்றுகிறார். ஒன்று, இரண்டு. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி சட்டென்று நின்றுவிடுகிறாள். அவளைப் பார்த்துப் பக்கத்திலிருப்பவரும் நிற்கிறார், பிறகு வாசல் முழுக்க நிற்கிறது. செருப்புச் சத்தம் ஓய்கிறது. "நகருங்கய்யா, நகருங்க" என்று அதிகாரி பிரம்பைச் சுழற்றிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறார். ஒருவரும் இம்மியும் அசையவில்லை. பதினெட்டு, பத்தொன்பது. வாசலில் இப்போது நடமாடுகிறவர் அதிகாரி ஒருவர்தான்.