முப்பதுக்கு மூன்று கண்ணி

அந்தப் பாட்டின் விலை ஐம்பது ரூபாய். முரளிதரன் அதை முப்பதுக்குப் பேசி முடித்தார்.

இருபத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறார். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் சொல்லியிருக்கிறார்.

இன்று விஜயநகர் வீட்டுக் கூடத்தில் வைஷாலிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நாட்டுப்புறப் பாட்டுகளின் பூர்வீகம் தேடி அலைகிற பெண். போனை ரெக்கார்டில் போட்டு டீப்பாய்மேல் வைத்திருந்தாள்.

தெருவில் கொடி கட்டிய ஆட்டோ ஒன்று அதே பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனது. எல்லையில் மறுபடி சண்டை மூளும்போல இருந்தது. பாட்டுக்கும் மறுபடி கிராக்கி.

"பாட்டு கட்டின கெம்பம்மாவோட ஊர், ராமாபுரத்துல விசாரிச்சேன் அங்கிள். அவங்க இதை யுத்தமே வேண்டாம்னு கட்டினாங்களாம். கேட்டா அப்படியா இருக்கு? மிச்சம் எங்கயோ இருக்கணும். அவங்களும் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. வேற யாருக்கும் பாடிக் காட்டலையாம். இன்னிக்கு சாயங்காலம் டவுன்ஹால் முன்னாடி யுத்தம் வேண்டாம்னு நிக்கறோம். முழுசாக் கிடைச்சா இதைத்தான் பாடுவோம். இப்ப இருக்கற மாதிரின்னா தொடவே முடியாது."

"முழுசுக்கு எங்க போறது? கதையைக் கேளும்மா" என்று முரளிதரன் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

தொண்ணூற்றொன்பது. தேவராஜ மார்க்கெட் பக்கத்தில் அவருக்குக் கேசட் கடை. பின்னறையில் ஒரு மைக், ஒரு ரெக்கார்டர், எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் கோணிச் சாக்கு. காலையில் போணி நேரத்துக்குக் கெம்பம்மா வந்தாள். மார்க்கெட்டுக்குப் புளி கொண்டுவருகிறவள். ஒரே மகன் எல்லையிலிருந்து பெட்டியில் வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"அஞ்சு கண்ணிங்க. கண்ணிக்குப் பத்து" என்றாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பேரம் பேசலாமா என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் போணியில் கேட்ட விலையைக் கொடுத்தால் அன்று பூராவும் கேட்ட விலைதான் கொடுக்க வேண்டிவரும் என்பது அவருடைய அப்பா வைத்துவிட்டுப் போன சாஸ்திரம். இருபதில் ஆரம்பித்தார். முப்பதில் நின்றது. அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பாடினாள்.

முதல் கண்ணியில் பெட்டி வந்து இறங்கியது. இரண்டாவதில், சுட்ட கை எந்தக் கை என்று ஊர் ஊராகத் தேடினாள். மூன்றாவதில், அந்தக் கை அழுகட்டும், அவனைப் பெற்ற வயிறு எரியட்டும் என்று மண்ணை வாரித் தூற்றினாள். அத்தோடு வாயை மூடிக்கொண்டாள்.

மிச்சம் எங்கே என்று கேட்டார் முரளிதரன்.

"முப்பதுக்கு மூணு அளந்துட்டனுங்க சாமி. புளியானாலும் பாட்டானாலும் நானு கொறைக்கவும் மாட்டன், கூட்டவும் மாட்டன்."

கதையில் இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். வைஷாலி சிரிக்கவில்லை.

"இருபது ரூபாய்தானே அங்கிள். கொடுத்திருக்கலாமே."

"முடிஞ்ச பேரத்தைப் பிரிக்கறவன் வியாபாரியாம்மா? மார்க்கெட்ல பேர் கெட்டுடும்."

மூன்றே போதுமாகத்தான் இருந்தது. அட்டையில் 'வீரப் பாடல்' என்று அச்சடித்தார். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், ஊர்வலத்தில் என்று எங்கு பார்த்தாலும் அந்த வயிறு எரிந்துகொண்டிருந்தது. பதினோராயிரம் கேசட் போனது.

"அப்புறம் அவங்க வரவே இல்லையா?"

முரளிதரன் ஜன்னலைப் பார்த்தார்.

"இல்லம்மா. எங்க வந்தா."

வைஷாலி போனை எடுத்து நிறுத்தினாள். வேறு பாட்டுப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஊற்றி வைத்த காபியை மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தாள். கீழே அவளுடைய ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

கெம்பம்மா வந்தாள். கேசட் வெளிவந்த மூன்றாம் வாரமே வந்தாள். நஞ்சன்கூடு பஸ் ஸ்டாண்டில் இளவட்டங்கள் அந்தப் பாட்டுக்கு விசிலடித்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, தலைக்கூடையை எங்கும் இறக்காமல் நேரே கடைக்கு வந்தாள். கதையில் இந்த இடத்தை அவர் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பு வராது.

"காசு வேண்டாமுங்க. மிச்சம் ரெண்டையும் சும்மாவே பாடிக் குடுக்கறன், சேத்துப் போடுங்க சாமி. மூணாவதுல உட்ட சாபத்த நாலாவதுலதானுங்க நானே திருப்பி வாங்கிக்கறன். அஞ்சாவது, சுட்ட அந்தப் பையனுக்கும் ஒரு ஆத்தா இருப்பாளே, அவளுக்கு."

கடை வாசலில் அந்தக் கேசட்டுக்கு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஓடுகிற சரக்கில் எவன் கை வைப்பான்?

"டேப்புல இடமில்லையேம்மா" என்றார்.

டேப்பின் கணக்கு அவளுக்குத் தெரியாது. அளந்து விற்கிறவன் அளவில் பொய் சொல்ல மாட்டான் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அப்படிங்களா என்று தலையாட்டிவிட்டு, கூடையோடு படியிறங்கினாள்.

ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். எல்லாப் பாட்டும் சேர்ந்து ஓடியது இருபத்திரண்டு. அவளுடைய இரண்டு கண்ணிக்கு நாலு நிமிடம் போதும். எட்டு நிமிடம் மிச்சம், பதினோராயிரம் கேசட்டிலும்.