ஒற்றைத் தும்மல்

"மூக்கைப் பிடிச்சுக்க. கார்ல ஏறுற வரைக்கும் விடாத" என்றான் பிரபு.

கவிப்ரியா ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் நின்றாள். தஞ்சாவூரில் பத்து மணிக்கு ஆபரேஷன். நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூக்குக்குள் என்ன செய்வார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மாமனார் வைரக்கண்ணு.

கிளம்பும் நேரத்தில் ஒற்றைத் தும்மல் கேட்டால் அவர் செருப்பைக் கழற்றிவிடுவார். அன்றைக்கு அந்தக் காரியம் கிடையாது. இரட்டைத் தும்மல் என்றால் நல்ல சகுனம், தாராளமாகப் போகலாம். தும்மியது யார் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. வீட்டில் மொத்தம் எத்தனை விழுந்தது என்பதுதான் கணக்கு.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மூக்கு அலர்ஜியோடு வந்து வாழ்க்கைப்பட்டிருந்தாள் கவிப்ரியா. மார்கழிப் பனி, வைக்கோல் தூசி, எது பட்டாலும் தும்மல்.

மாமியார் மங்களாம்பிகை இன்னும் மோசம். "அவரு கிளம்புறாரு. நீ கொல்லைப்பக்கம் போ" என்று விரட்டுவாள். அங்கேயும் நிம்மதி இல்லை. கவிப்ரியா ஒரு தும்மல் போட்டுவிட்டுப் பயத்தில் மிச்சத்தை அடக்கிக்கொள்வாள். அடுத்த நிமிஷமே அடுப்படியிலிருந்து மாமியாரின் தும்மல் கேட்கும்.

"உங்கம்மா என்னைப் பழிப்புக் காட்டுறாங்க" என்று பிரபுவிடம் அழுதிருக்கிறாள்.

"அவங்களுக்கும் தூசி ஒத்துக்காம இருக்கும்" என்பான் அந்த அம்மா பிள்ளை.

இந்த வருஷம் ரொம்ப முடியாமல் போய்விட்டது. படுத்தால் மூச்சு அடைத்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். டாக்டரிடம் போனபோது மாமியாரும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"மாத்திரை, ஸ்பிரே எதுக்கும் கேக்கல. மூக்குக்குள்ள ரெண்டு பக்கமும் சதை வீங்கிக் கிடக்கு" என்றார் டாக்டர். "சில பேருக்கு நடு எலும்பு வளைஞ்சிருக்கும், அதையும் நேராக்கணும். உங்களுக்கு அது வேண்டாம். சதையை லேசா சுட்டுச் சுருக்கினா போதும். மூச்சு தாராளமா விடலாம்."

"தும்மல் நின்னுடுமா டாக்டர்?" என்றாள் கவிப்ரியா.

"குறையலாம். முழுசா நிக்கும்னு சொல்லமாட்டேன். அலர்ஜி உடம்போட இருக்கிறது. ஆபரேஷன் வழியைத்தான் திறந்துவிடும்."

"தை அறுப்புக்கு முன்னாடி பண்ணிடுங்க" என்று பிரபு கேட்டு வாங்கிய தேதிதான் இன்றைக்கு. இதை விட்டால் அடுத்த தேதி அறுப்பெல்லாம் முடிந்துதான். அறுப்பு மிஷின் கிளப்பும் தூசியில் இந்த மூக்கோடு எப்படிப் பிழைப்பது?

நினைத்ததுதான் தாமதம். பிடித்த பிடியையும் மீறி வந்துவிட்டது தும்மல். அடுத்தது வருவதற்குள் துப்பட்டாவை வைத்து அழுத்தி அடக்கிவிட்டாள். ஒற்றையாக நின்றுபோனது.

வைரக்கண்ணு செருப்பைக் கழற்றினார்.

"இன்னிக்கு வேண்டாம்மா. உடம்புல கை வைக்கிற காரியம். வேற நாள் கேட்டுக்கலாம்."

"அறுப்பு முடிஞ்சுதான்ப்பா வேற தேதி குடுப்பாங்க" என்று இழுத்தான் பிரபு.

"உசுரைவிட நாளாடா பெருசு?"

சகுனத்தையே நம்பாத கவிப்ரியாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால்? ஆபரேஷன் நடக்காவிட்டால் இன்னும் எத்தனை ராத்திரி உட்கார்ந்தே கழிப்பது? எதற்குப் பயப்படுவது என்றே தெரியாமல் கண் கலங்கியது.

மாமியார் அவளை முறைத்தாள். "ஃபிளாஸ்க்கை மறந்துட்டேன்" என்று விறுவிறுவென உள்ளே போனாள். இந்த நேரத்தில் ஃபிளாஸ்க் ஒரு கேடா என்றிருந்தது கவிப்ரியாவுக்கு.

உள்ளேயிருந்து வீடே அதிரும்படி ஒரு தும்மல்.

வைரக்கண்ணு நிமிர்ந்தார். "ரெண்டாச்சா?"

"ஆச்சுப்பா."

"அப்ப ஏறுங்க." செருப்பு மறுபடியும் காலுக்குப் போனது.

மாமியார் மூக்கை அழுத்திப் பிடித்தபடியே ஓடிவந்து, பின் சீட்டில் கவிப்ரியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஃபிளாஸ்க் இல்லை. கண்ணும் மூக்கும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

கார் வலங்கைமானைத் தாண்டியது. கண்ணைத் துடைக்க மாமியார் முந்தானையை இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து மடியில் விழுந்தது, ஒரு மூக்குப்பொடி மட்டை.

மாமியாருக்குப் பொடி போடும் பழக்கமே கிடையாது.

கொல்லைப்பக்கத்தில் தான் போட்ட தும்மல்களும், அடுப்படியிலிருந்து வந்த தும்மல்களும் ஒவ்வொன்றாகக் கவிப்ரியாவின் காதில் கேட்டன. அத்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே இதைத் தூக்கிப் போட்டுடுங்க அத்தை" என்றாள்.

முன் சீட்டில் இருந்த தன் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாமியார் காதோடு சொன்னாள்: "தும்மல் முழுசா நிக்காதுன்னுல்ல டாக்டர் சொல்லியிருக்காரு."

சொல்லிவிட்டு, மட்டையை எடுத்துப் பத்திரமாக மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.