பொத்தான் துள்ளவில்லை

ஒரு மனுஷக் குரல் என்ன விலை போகும்? அந்த ஒற்றை அறையில், ஒரே ஒரு நிரல் வரி.

ப்ளகின்காரன் கணினித் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து அந்த வரியைத்தான் தேடிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தான், அழித்தான், புதுப் பதிப்பை ஊருக்கெல்லாம் அனுப்பினான். பிறகு போனில் ஒலி முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான்.

அவன் செய்த ப்ளகின் கையடக்கச் சரக்கு. இணையப் பக்கத்தில் போட்டால் பொத்தான் துள்ளும், படம் மெல்ல மலரும், எழுத்து ஓரத்திலிருந்து வழுக்கி வரும். விலை கிடையாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் யார்? எடுத்துக்கொண்ட அத்தனை பேரில் அவனைக் கூப்பிட்டது துணிக்கடை அக்கா மட்டும்தான்.

போன் அடித்தது.

"தம்பி, புதுசு அனுப்பியிருக்கேன்னு மெயில் வந்துச்சு. வந்ததும் என் பொத்தான் படுத்துருச்சு. துள்ளவே மாட்டேங்குது!"

"அப்படியா அக்கா?" அன்றைக்கு அவன் வாய் திறந்தது அப்போதுதான். தொண்டை கரகரத்தது.

அவன் கெடுத்தது படத்தை. அக்கா அழுவது பொத்தானுக்கு. போன வாரம் எழுத்தைக் கெடுத்தான், அதற்குப் படம் மலரவில்லை என்றார். துணி விற்பவருக்கு ஆடுவதெல்லாம் ஒன்றுதான் போல என்று சிரித்துக்கொண்டான். ஆமாம், வேண்டுமென்றுதான் கெடுத்தான். நன்றாக ஓடும் கடிகாரத்தை யார் கடைக்குக் கொண்டுவருகிறார்கள்?

"சாப்டீங்களா தம்பி?"

"ம். முந்தாநாள் வச்சது இருந்துச்சு."

"அடப்பாவி! என் கடையில பழைய சரக்கைக்கூட அவ்ளோ நாள் வச்சதில்ல. கொட்டிட்டு வேற ஆக்குங்க."

திட்டு வாங்க அவனுக்கு இனித்தது. பேச்சு மழை, மின்வெட்டு, முழங்கால் வலி என்று சுற்றிவந்தது. நடுவில் அந்த வரியைத் திரும்பப் போட்டான்.

"சரி பண்ணிட்டேன் அக்கா, பாருங்க."

"ஆங், துள்ளுது துள்ளுது. ஏன் தம்பி, வாரா வாரம் உங்களுக்கு வீண் சிரமம். ஏதாவது பணம் அனுப்பட்டுமா? ஓசியில வேலை வாங்கி எனக்குப் பழக்கமில்ல."

சுருக்கென்றது அவனுக்கு. சொன்னால் இருக்கிற ஒரு குரலும் போய்விடும். சொல்லாமல் வாங்கினால் பச்சைத் திருட்டு.

"அக்கா, கோபப்படாதீங்க. வாரா வாரம் அதைக் கெடுத்ததே நான்தான். கெட்டாத்தானே நீங்க கூப்பிடுவீங்க."

 அக்கா வைத்துவிட்டாரோ என்று காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். வைக்கவில்லை.

"அப்ப நம்ம கணக்கு நேராப் போச்சு தம்பி," என்றார் அக்கா. "கடையையும் அந்த இணையப் பக்கத்தையும் நான் மூடி ஒரு வருஷம் ஆச்சு."